வீட்டிலேயே கார் கழுவுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் வெளிப்புறத்தை வீட்டில் கழுவிப் பராமரிப்பது பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் பல வருடங்களாகக் கேட்டுவந்த கேள்விகள் இவை. உள்ளே இருக்கை, தரைவிரிப்பு, டேஷ்போர்டு பற்றி இங்கே பேசப்போவதில்லை. வெளியே தெரியும் பெயின்ட், கண்ணாடி, சக்கரம், டயர் இவ்வளவுதான். பதில்கள் பலவும் ஒரே இடத்துக்கே வந்து சேரும்: பெயின்டில் நாம் பார்க்கும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை நாமே கழுவும்போதும் துடைக்கும்போதும் போட்டவை. அதனால் அழுக்கு எடுப்பதைவிட, அழுக்கை எடுக்கும்போது பெயின்டைத் தேய்க்காமல் இருப்பதே பெரிய வேலை.

தினமும் காலையில் ஒரு துணியால் தூசி தட்டிவிட்டால் போதாதா?

போதாது என்பதைவிட, அதைச் செய்யவே வேண்டாம் என்பேன். நான் முதலில் வாங்கியது கறுப்பு நிறக் கார். ஆசையாக தினமும் காலையில் காய்ந்த துணியால் துடைத்தேன். இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை, சாய்ந்த வெயில் பானெட்டில் விழுந்தபோது பார்த்தால் அதன் மேல் முழுக்கச் சிலந்தி வலை பின்னியது போல ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள். வேறு யாரும் அந்த வண்டியைத் தொட்டதில்லை. அத்தனையும் என் கை போட்டவை.

காரணம் எளிது. தெருத்தூசியில் மணல் துகள்கள் உண்டு. மணலில் அதிகம் இருப்பது குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் அது 7. காரின் பெயின்ட் அதற்கு முன் மிகவும் மென்மையானது. காய்ந்த துணியை அதன் மேல் இழுத்தால், எவ்வளவு மென்மையான துணியாக இருந்தாலும், துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் சிக்கிய துகள் உப்புத்தாள் போல வேலை செய்யும். தூசி மட்டும் படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். தூசியோடு ஓடும் கார் அழுக்காகத் தெரியும், கெடாது. முன்கண்ணாடியை மட்டும் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு கிளம்புங்கள்.

அந்தக் கீறல்கள் ஏன் வட்ட வட்டமாகத் தெரிகின்றன?

உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வரும்போது, அதைச் சுற்றி வளையும் திசையில் கிடக்கும் கீறல்கள்தான் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அதனால் சூரியனையோ விளக்கையோ மையமாக வைத்து வட்டம் போட்டது போலத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் அந்த வட்டமும் கூடவே நகரும்.

பெயின்ட் எவ்வளவு தடிமன் இருக்கும்? கொஞ்சம் தேய்ந்தால் என்ன?

இப்போதைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் இருக்கும். எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரைதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பைக் கொடுப்பதும் அதுதான், புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். கீறல் விழுந்த பிறகு பாலிஷ் போட்டுச் சரிசெய்வது என்றால் கிளியர் கோட்டில் கொஞ்சம் சீவி எடுப்பது என்றுதான் அர்த்தம். எடுத்தது திரும்பி வளராது. அதனால் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதே முதல் வைத்தியம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவலாம்?

சாதாரண ஓட்டத்துக்கு இரண்டு வாரம் ஒருமுறை என்பது நல்ல கணக்கு. கடலோரத்தில் இருந்தாலோ, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊரில் ஓட்டினாலோ வாரம் ஒருமுறை, அடிப்பாகத்துக்கும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். உப்பு இரும்பை அரிப்பதை வேகப்படுத்தும். பறவை எச்சமும் பூச்சிக் கறையும் மட்டும் அடுத்த கழுவலுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே எடுக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் நுரைதானே தருகிறது? அதைப் பயன்படுத்தலாமா?

ஒருமுறை பயன்படுத்தினால் பெயின்ட் உரிந்துவிடாது. அந்த அளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அது எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கவென்றே செய்யப்பட்டது. பெயின்டைக் காக்க நீங்கள் பூசி வைத்த வாக்ஸையும் (மெழுகுப் பூச்சு) அது பிசுக்காகவே நினைத்து வெளுத்துவிடும். அதைவிட முக்கியமான குறை, அதில் வழுக்கல் போதாது. கார் ஷாம்பு அழுக்கை எடுப்பதோடு, கைத்துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஒரு வழவழப்பைக் கொடுக்கிறது. துகள் உரசாமல் நழுவிப்போவது அதனால்தான்.

துணி துவைக்கும் தூளை எடுக்கவே வேண்டாம். அது நல்ல காரத்தன்மை உள்ளது. ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் வெளிறச் செய்யும், கரையாத துகள்கள் கீறவும் செய்யும். தலைக்குப் போடும் ஷாம்பு கையில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத்துக்கு அது சலவைத் தூளைவிட மேல். ஆனால் அதில் சேர்க்கப்படும் கண்டிஷனர் பொருட்கள் கண்ணாடியில் படலமாகத் தங்கும். pH நடுநிலையான, அதாவது 7-ஐ ஒட்டிய கார் ஷாம்பு ஒரு புட்டி வாங்கினால் பல மாதம் வரும். புட்டியில் சொன்ன அளவைவிட அதிகம் ஊற்றுவதால் லாபம் எதுவுமில்லை, அலசுவதுதான் சிரமமாகும்.

'இரண்டு வாளி' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்படி என்ன அதில்?

ஒரு வாளியில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். காரின் ஒரு பகுதியைக் கழுவியதும், கையில் மாட்டித் தேய்க்கும் கையுறையை முதலில் வெறும் தண்ணீர் வாளியில் நன்றாக அலசி, பிழிந்து, பிறகு ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். ஒரே வாளி என்றால் கதவிலிருந்து எடுத்த மணல் அந்தத் தண்ணீரிலேயே கலந்து, அடுத்த கதவுக்குத் திரும்பப் போகும். அவ்வளவுதான் சூட்சுமம்.

வாளியின் அடியில் வைக்கும் வலைத்தட்டு ஒன்று விற்கிறது. கையுறையை அதில் உரசினால் மணல் கீழே இறங்கித் தங்கிவிடும், திரும்பக் கலங்கி மேலே வராது. சின்னப் பொருள், நல்ல பொருள். வெறும் தண்ணீர் வாளியின் அடியில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள், எவ்வளவு மணல் சேர்ந்திருக்கிறது என்று. அதைப் பார்த்த பிறகு யாரும் ஒரு வாளிக்குத் திரும்புவதில்லை.

ஸ்பான்ஞ் நல்லதா, துணி நல்லதா?

இரண்டையும்விட, நீண்ட இழைகள் தொங்கும் மைக்ரோஃபைபர் கையுறையோ ஆட்டு ரோமக் கையுறையோ நல்லது. ஸ்பான்ஞ் தட்டையானது. மணலை உள்ளே வாங்கிக்கொள்ளாமல் மேற்பரப்பிலேயே வைத்துத் தேய்க்கும். நீள இழைகள் துகளைத் தமக்குள் இழுத்துக்கொள்ளும், அலசும்போது விட்டுவிடும். பழைய பனியன், பழைய துண்டு இவற்றின் தையலும் முரட்டு இழையும் பெயின்டுக்கு ஆகாது. அவற்றைச் சக்கரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும்?

முதலில் வண்டியை நிழலில் நிறுத்தி, எல்லாக் கண்ணாடிகளையும் மூடி, தானாக ஓடும் வைப்பரை அணைத்துவிடுங்கள். மழை உணரும் வைப்பர் கழுவும் நேரத்தில் ஓடினால் மணலோடு கண்ணாடியைத் தேய்க்கும், உங்கள் கையையும் தட்டும்.

சக்கரங்களை முதலில் முடிப்பது என் வழக்கம். அவற்றைத் தேய்க்கும்போது தெறிக்கும் கரும்பொடி கதவுகளில் விழும். கதவை ஏற்கெனவே கழுவியிருந்தால் வேலை இரண்டாகும். சக்கரத்துக்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனி துணி. இவை பெயின்டின் பக்கமே வரக் கூடாது.

அப்புறம் கையால் தொடாமல் முழு வண்டியையும் தண்ணீரால் நன்றாக நனைத்து அலசுங்கள். இந்தக் கட்டத்தில் அவசரம் வேண்டாம். உரசாமல் போகக்கூடிய மணல் எல்லாம் போக வேண்டியது இங்கேதான். நுரை பீய்ச்சும் கருவி இருந்தால், ஷாம்பு நுரையை வண்டி முழுக்க அடித்து 5 நிமிடம் ஊறவிட்டு அலசலாம். காய விடக் கூடாது. கருவி இல்லையென்றால், தோட்டத்துக்கு மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பானைப் புதிதாக ஒன்று வாங்கி அதில் ஷாம்புத் தண்ணீர் நிரப்பினாலும் பாதிப் பலன் கிடைக்கும்.

இனி கையுறை. மேற்கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவுகளின் மேல்பாதி, கடைசியாகக் கதவுகளின் கீழ்ப்பாதியும் பம்பர்களும். மேலிருந்து கீழே என்பது தண்ணீர் வழியும் திசைக்காக மட்டும் சொல்வதில்லை. சக்கரம் வாரியடிக்கும் மணல் முழுக்கக் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. அங்கே தொட்ட கையுறை மேலே போகக் கூடாது. அழுத்தாமல், கையுறையின் எடை மட்டும் படும்படி, நேர்க்கோட்டில் இழுங்கள். தப்பித்தவறி கீறல் விழுந்தாலும் நேரான கீறல் ஒரு கோணத்தில் மட்டுமே தெரியும். கையுறை கீழே விழுந்துவிட்டதா? அதை அன்று திரும்ப எடுக்காதீர்கள். அலசினாலும் இழைக்குள் ஒரு கல் மிஞ்சலாம். மாற்றுக் கையுறை ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

ஒவ்வொரு பகுதியையும் கழுவியவுடன் அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள், ஷாம்பு காயாது.

வெயிலில் கழுவினால் சீக்கிரம் காயுமே?

அதுதான் பிரச்சினை. ஷாம்பும் தண்ணீரும் நாம் துடைப்பதற்கு முன்பே காய்ந்து, கறையாக ஒட்டிக்கொள்ளும். அடர்நிறக் கார் வெயிலில் நின்றால் அதன் தகடு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள். வைத்திருக்க முடியாத சூடு என்றால் காத்திருங்கள். அதிகாலையும் அந்தி நேரமும் நல்லவை. நிழலே இல்லாத இடமென்றால் சிறு சிறு பகுதியாகக் கழுவி, அந்தந்த இடத்தை உடனே துடைத்துவிடுவது ஒன்றே வழி.

பிரஷர் வாஷர் பெயின்டை உரித்துவிடுமா?

நல்ல நிலையில் உள்ள பெயின்டை, சரியான முனையும் சரியான தூரமும் இருந்தால், உரிக்காது. முனையிலிருந்து தண்ணீர் விரியும் கோணத்தைக் காட்ட, வீட்டுக் கருவிகளில் பல நிறுவனங்கள் ஒரே நிற முறையைப் பின்பற்றுகின்றன: வெள்ளை 40 டிகிரி, பச்சை 25, மஞ்சள் 15, சிவப்பு 0. காருக்கு வெள்ளை போதும், பச்சையும் பரவாயில்லை. சிவப்பு முனையைக் காரின் பக்கம் கொண்டுவராதீர்கள். அது டயரையே கிழித்துவிடும். குறைந்தது 30 செ.மீ. தள்ளி நில்லுங்கள். பெயின்ட் ஏற்கெனவே சில்லு பெயர்ந்த இடம், ஸ்டிக்கரின் விளிம்பு, ரப்பர் பட்டைகள், பின்பக்க கேமரா, பார்க்கிங் சென்சார் இவற்றின் மேல் நேராக அடிக்க வேண்டாம்.

இந்தக் கருவி அழுக்கைத் தளர்த்தும். கையுறை வேலையை அது செய்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெறும் அழுத்தத்தால் போகாத ஒரு மெல்லிய படலம் எப்போதும் மிஞ்சும்.

காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் வருகின்றனவே, ஏன்?

தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசிய உப்புகள்தான் அவை. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் இது பல இடங்களில் அதிகம். வாளியில் எந்தத் தண்ணீர் என்பதைவிடக் கடைசி அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்பதுதான் முக்கியம். மழைநீரோ உப்பு நீக்கிய நீரோ ஒரு வாளி இருந்தால் கடைசியாக அதை ஊற்றுங்கள்.

இல்லையென்றால் காயும் முன் துடைப்பதே மருந்து. அலசி முடித்ததும் ஹோஸின் முனையைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாமல் தண்ணீரை மேற்கூரையிலிருந்து பாயவிடுங்கள். வாக்ஸ் போட்ட வண்டியில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்து, பெரும்பகுதியைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துண்டை பானெட்டின் மேல் விரித்துப் போட்டு, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். தேய்க்க வேண்டியதில்லை, துண்டு தானே குடித்துக்கொள்ளும். பக்கக் கண்ணாடிகளின் இடுக்கிலும் நம்பர் பிளேட்டின் பின்னாலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் கடைசியில் ஒழுகி வந்து வேலையைக் கெடுக்கும். காற்று ஊதும் கருவி இருந்தால் அங்கே ஊதிவிடலாம்.

ஏற்கெனவே படிந்த புள்ளிகளுக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து, சூடில்லாத பெயின்டின் மேல் ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்த இடத்தில் வாக்ஸும் குறைந்திருக்கும், திரும்பப் போட வேண்டும். வினிகருக்கும் அசையவில்லை என்றால் உப்பு பெயின்டைக் குழித்துவிட்டது என்று பொருள். பிறகு பாலிஷ்தான்.

பறவை எச்சம் அவ்வளவு கெடுதலா?

ஆம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, மண்துகளும் விதைத் துணுக்குகளும் கலந்திருக்கும். வெயிலில் பெயின்ட் இளகி விரியும், இரவில் குளிர்ந்து இறுகும். அப்படி இறுகும்போது காய்ந்த எச்சத்தின் வடிவத்தையே அச்சாக வாங்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் ஒரே நாளில் தடம் விழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சுரண்டாதீர்கள். ஒரு துணியை நன்றாக நனைத்து அதன் மேல் போட்டு 10 நிமிடம் விடுங்கள். ஊறியதும் துணியோடு சேர்த்து மேல்நோக்கி எடுத்து மடியுங்கள், இன்னொரு நனைந்த துணியால் ஒற்றுங்கள். வண்டியில் ஒரு தண்ணீர் புட்டியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளும் எப்போதும் வைத்திருப்பேன், இதற்காகவே.

தார், மரப்பிசின், பூச்சிக் கறை?

தாருக்கு அதற்கென்று விற்கும் கரைப்பானை துணியில் தொட்டு வைத்தால் இளகி வரும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவிவிட வேண்டும். பிசினுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நன்றாக வேலை செய்யும். பூச்சிக்கு வெதுவெதுப்பான ஷாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதே போதும். மூன்றிலும் பொதுவானது பொறுமை: கரைப்பான் வேலை செய்யட்டும், நகம் செய்ய வேண்டாம்.

வண்டி மின்னும் என்று கழுவும் தண்ணீரில் மண்ணெண்ணெயோ டீசலோ கலப்பவர்கள் இருக்கிறார்கள். மின்னுவது எண்ணெய்ப் படலம். அன்று மாலைக்குள் அதில் தூசி ஒட்டும், ரப்பர் உப்பும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அலாய் சக்கரத்தில் பழுப்புப் புள்ளிகள் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

அது சாதாரண அழுக்கு இல்லை. பிரேக் பிடிக்கும்போது டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடான இரும்புத் துகள்கள் பறந்து, சக்கரப் பூச்சில் குத்தி நின்று, அங்கேயே துருப்பிடிக்கின்றன. ஷாம்பு அதைத் தொடாது. இரும்பு நீக்கி என்று ஒரு திரவம் உண்டு. அதில் உள்ள தயோகிளைகோலேட் உப்பு இரும்போடு வினைபுரிந்து கரைத்துவிடும். திரவம் ஊதா நிறமாகி ரத்தம் போல வழிவதைப் பார்க்கலாம். நாற்றம் கடுமையாக இருக்கும், திறந்த வெளியில் ரப்பர் கையுறை போட்டுச் செய்யுங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், திரவம் காயும் முன் அலசிவிட வேண்டும். ரயில் பாதைக்கு அருகில் நிறுத்தும் வண்டிகளின் பெயின்டிலும் இதே துகள்கள் இருக்கும். அங்கும் இதுவே மருந்து.

தண்ணீர் குறைவு. அடுக்குமாடியில் ஹோஸ் போட முடியாது. என்ன செய்வது?

அலசத் தேவையில்லாத வாஷ் என்று ஒரு வகை திரவம் இருக்கிறது. ஒரு வாளித் தண்ணீரில் மிகச் சிறிதளவு, சிலவற்றில் 256-ல் ஒரு பங்குதான், கலந்தால் போதும். அதில் உள்ள பாலிமர்கள் தூசித் துகளைச் சுற்றிக்கொண்டு வழுக்கல் கொடுக்கும். முழுக் காருக்கும் 8 லிட்டருக்குள் முடிந்துவிடும். திறந்துவிட்ட ஹோஸில் நிமிடத்துக்கே 10 லிட்டருக்கு மேல் போகலாம் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும்.

செய்முறையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். எட்டு பத்து மைக்ரோஃபைபர் துணிகளை அந்த வாளியில் ஊறப்போடுங்கள். முதலில் தெளிப்பானால் அந்தப் பகுதியை நனைத்து ஒரு நிமிடம் விடுங்கள். துணியை நான்காக மடித்து ஒரு முகத்தால் ஒரே இழுப்பு, பிறகு புதிய முகம். எல்லா முகமும் தீர்ந்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள். வாளிக்குள் திரும்பப் போடக் கூடாது. சேறு அப்பிய வண்டிக்கு இந்த முறை ஆகாது. அன்றைக்கு ஹோஸ் வேண்டும்.

கழுவியும் பெயின்ட் சொரசொரப்பாக இருக்கிறதே?

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுவிய பானெட்டின் மேல் விரல்களை மெதுவாக ஓட்டுங்கள். வெறும் கைக்குத் தெரியாத பொடிப்பொடியான சொரசொரப்பு பையோடு தெரியும். அவை ஒட்டிப்போன மாசுகள். கிளே எனப்படும் களிமண் போன்ற கட்டியால் எடுக்கலாம். வழுக்கலுக்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். முதலில் கரகரவென்று இழுக்கும். சுத்தமானதும் பட்டு போல ஓடும். அந்த மாற்றத்தை விரலில் உணர்வது எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நொடி. கட்டி தரையில் விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை போதும். கிளே போட்டால் வாக்ஸ் போய்விடும், சில சமயம் மெல்லிய உரசலும் விழும்.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றுதானே?

இல்லை. பாலிஷ் எடுக்கிறது, வாக்ஸ் மூடுகிறது. பாலிஷில் நுண்ணிய அரைப்புத் துகள்கள் இருக்கும். அவை கிளியர் கோட்டை ஓரிரு மைக்ரான் சீவிக் கீறலின் விளிம்புகளைச் சமப்படுத்தும். வாக்ஸ் அந்தச் சமமான பரப்பின் மேல் உட்காரும் காப்பு. கீறலை எடுக்காமல் வாக்ஸ் மட்டும் போட்டால் கொஞ்ச நாள் மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கீறல் பாலிஷுக்குப் போகும் என்று பார்க்க நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டினால் ஆழம் அதிகம், வீட்டில் முயல வேண்டாம். மாட்டவில்லை என்றால் முயலலாம். புதியவர்களுக்கு இரட்டை அசைவு பாலிஷர் பாதுகாப்பானது. அது சுழல்வதோடு ஊசலாடவும் செய்வதால் சூடு ஒரே இடத்தில் தேங்குவது குறைவு. மென்மையான பேட், மென்மையான பாலிஷ், ஓர் அடி சதுரத்தில் சோதனை என்று தொடங்குங்கள். அதில் பலன் போதாவிட்டால் மட்டும் ஒரு படி கடுமைக்குப் போகலாம். தகட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே காகித டேப் ஒட்டிவிடுங்கள்.

வாக்ஸில் பழைய பேர் பெற்றது கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையில் படியும் மெழுகு அது. இலையின் ஈரம் வறட்சியில் வெளியேறாமல் காக்க அந்த மரம் சுரப்பது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். அடர்நிற வண்டியில் அது தரும் ஆழமான மினுமினுப்புக்கு ஈடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் கரைந்துவிடும். சீலன்ட் எனப்படும் செயற்கைக் காப்புப் பூச்சு அதைவிட நீண்டு, பல மாதம் நிற்கும். வேலைப்பளு உள்ளவர்கள் சீலன்ட் பக்கம் போகலாம். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சே போதும். தடித்துப் பூசினால் துடைத்தெடுக்கும் வேலைதான் கூடும்.

விபத்துக்குப் பிறகு புதிதாக பெயின்ட் அடித்த பகுதிக்கு உடனே வாக்ஸ் போடாதீர்கள். பெயின்டிலிருந்து கரைப்பான் ஆவியாக 30 முதல் 90 நாள் வரை விடச் சொல்வார்கள், அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த புதுக் காருக்கு இந்தக் கவலை இல்லை, அது சூளையில் சுட்டு வந்தது.

செராமிக் கோட்டிங் போட்டால் கீறலே விழாது என்கிறார்களே?

விழும். '9H' என்று விளம்பரத்தில் வருவது பென்சில் கடினத்தன்மை அளவு. 9H பென்சிலால் கீறினால் தடம் விழாது என்பதே அதன் பொருள். பலரும் அதை மோஸ் அளவின் 9 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வைரத்துக்கு அடுத்த படி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மணல் துகள் செராமிக்கையும் கீறும்.

ஆனாலும் அது வீண் இல்லை. சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட அந்தப் பூச்சு வருடக்கணக்கில் நிற்கும், தண்ணீரும் சேறும் ஒட்டாமல் வழுக்கும். கழுவுவது எளிதாவதால் நாம் தேய்ப்பது குறைகிறது. கீறல் குறைவது அந்த வழியில். கோட்டிங் போட்டதற்காக வாளியையும் ஷாம்பையும் ஒதுக்கி வைத்தவர்களின் வண்டிகள் எல்லோருடைய வண்டியையும் போலவே மங்குகின்றன.

ஹெட்லைட் மஞ்சளாகிவிட்டது. டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?

தேய்த்தால் கொஞ்சம் தெளியும், ஏனென்றால் அதுவும் லேசாக அரைக்கும் பொருள்தான். சில வாரத்தில் திரும்ப மஞ்சளாகும். ஹெட்லைட்டின் மூடி பாலிகார்பனேட். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கெட்டுப்போனதால் வந்த மஞ்சள் இது. 1000, 2000, 3000 என்று எண் ஏற ஏற நைசாகும் உப்புத்தாள்களை நனைத்துப் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் புற ஊதாத் தடுப்புப் பூச்சு பூச வேண்டும். அந்தக் கடைசிப் படியை விட்டால் முன்னதெல்லாம் வீண். இரவில் ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மங்கிய மூடி வெளிச்சத்தை நிஜமாகவே குறைக்கிறது.

டயரைக் கறுப்பாக மின்ன வைக்க?

முதலில் பிரஷ் போட்டு, நுரை பழுப்பாக வருவது நிற்கும்வரை கழுவுங்கள். அந்தப் பழுப்பு, ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மேலே கசிந்து வந்தது. காய்ந்த பிறகு தண்ணீர் அடிப்படையிலான டயர் பூச்சை பஞ்சில் எடுத்துப் பக்கச் சுவரில் மட்டும் தடவுங்கள். சாலையில் படும் பகுதியில் ஒரு துளியும் படக் கூடாது, வழுக்கும்.

கார் கவர் போட்டு வைப்பது நல்லதுதானே?

சுத்தமான காருக்கு, காற்றில்லாத இடத்தில், நல்லது. தூசி படிந்த காரின் மேல் கவரை இழுத்துப் போட்டால் முதல் கேள்வியில் சொன்ன அதே கதைதான். காற்றில் கவர் படபடத்தாலும் அப்படியே. திறந்தவெளியில் நிறுத்துபவர்கள் கவரை நம்புவதைவிட நிழலையும் வாக்ஸையும் நம்பலாம்.

மேட் பெயின்ட் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கழுவும் முறை பொருந்தும். பாலிஷும் சாதாரண வாக்ஸும் கூடாது. மேட் பரப்பு மங்கலாகத் தெரிவதே அதன் நுண்ணிய மேடுபள்ளங்களால்தான். பாலிஷ் அவற்றைச் சமமாக்கிவிடும், அந்த இடம் மட்டும் பளபளவென்று நிற்கும், திரும்ப மேட் ஆக்க முடியாது.

மின்சாரக் காரைத் தண்ணீர் அடித்துக் கழுவலாமா?

தாராளமாக. மழையில் ஓடும் வண்டிதானே அது. சார்ஜ் கேபிளைக் கழற்றி, சார்ஜ் மூடியை அடைத்துவிட்டுக் கழுவுங்கள். அந்த மூடியின் மேல் பிரஷர் வாஷரைக் குறிவைக்க வேண்டாம்.

கழுவி முடித்ததும் அப்படியே நிறுத்திவிடலாமா?

வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் தங்கியிருக்கும். சில மணி நேரத்தில் மெல்லிய துரு படியும். அந்தத் துரு முதல் சில பிரேக்கில் போய்விடும் என்றாலும், ஈரத்தோடு நாள் கணக்கில் நிறுத்தினால் பேட் ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சுற்று மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை மென்மையாக பிரேக் பிடித்துவிட்டு வந்து நிறுத்துங்கள். கதவுகளையும் டிக்கியையும் திறந்து விளிம்பில் நிற்கும் தண்ணீரைப் பழைய மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் துணிகள். மைக்ரோஃபைபரைத் தனியாக, மிதமான சூட்டில், திரவ சோப்பில் துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பஞ்சு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது; அது இழைகளை அடைத்துத் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்துவிடும். நிழலில் காயவைத்து, மூடிய டப்பாவில், சக்கரத் துணிகளிலிருந்து பிரித்து வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது ஒரு துணியை உதறிப் பார்த்து, மணல் உதிராவிட்டால்தான் பெயின்டுக்குப் பயன்படுத்துவேன்.